‘நேற்று நான் வானிலைக்குக் கீழே இருந்தேன்’: ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழில் எப்படிச் சொல்லித்தருவது?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள் என்பதால், மனத்தில் ஆங்கிலத்தில் தோன்றுவதை அவர்கள் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிடுகிறார்கள். போன மாதம் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி, திருநெல்வேலியில் இருக்கும் தன் பெரியம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், ‘அண்டர் த வெதர்’ என்பதை நினைத்துக்கொண்டு, ‘நேற்று நான் வானிலைக்குக் கீழே இருந்தேன்’ என்று எழுதிவிட்டாள். பெரியம்மா பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்து, மழையில் எங்கேயாவது மாட்டிக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறார். ‘மேலுக்குச் சுகமில்லை’ என்று அவள் எழுதியிருந்தால், அந்த ஊர்க்காரருக்கு அடுத்த நொடியே புரிந்திருக்கும்.

அதன்பிறகு நாற்பது தொடர்களையும் அவற்றின் பொருளையும் பட்டியலிட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், ஆனால் எழுதும்போது ‘நீல நிலாவில் ஒருமுறை’ என்றே எழுதுகிறார்கள். இதை வேறு எப்படிக் கற்பிக்கலாம்?

மாரிட்ஸ்பர்க் வாசகர்:

அம்மா, பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில், பொருளைச் சொல்வதற்கு முன்பு, அந்தத் தொடர் எந்தச் சூழ்நிலையில் வாயில் வரும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில், பல நூற்றாண்டுகள் லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய ஊர். அங்கேயே கரியைச் சுமந்துகொண்டு போகிறவனைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? ‘கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான்’ என்போம். கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகளின் முகம் தெளிந்துவிடும்.

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1864-இல் பெயரிடப்பட்ட இன்னொரு நியூகாசிலும் நிலக்கரி ஊர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து 1913 அக்டோபரில் அங்குள்ள சுரங்கங்களில் வேலையை நிறுத்தியவர்களில் தமிழர் ஏராளம். அடுத்த மாதம் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையை நடந்தே கடந்த 2,000-க்கும் மேற்பட்டோரில் அவர்களும் இருந்தார்கள். தங்கள் முன்னோரின் கையில் ஒட்டிய கரி அது என்று தெரிந்த பிள்ளை அந்தத் தொடரை மறக்காது.

நீல நிலாவுக்கு ‘அத்தி பூத்தாற்போல’ பொருந்தும். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை இக்காலத்தில் ‘ப்ளூ மூன்’ என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் 1-ஆம் தேதியும் 31-ஆம் தேதியும் அப்படி வந்தன. நிலா நீலமாவதில்லை. அத்தியோ பூக்காமல் இருப்பதில்லை. அதன் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு காயைப் பிளந்து காட்டினால் போதும், பாடம் முடிந்தது.

ஃபீனிக்ஸ் செவிலி:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பொருள் ஒத்திருப்பது மட்டும் போதாது, மரியாதையும் ஒத்திருக்க வேண்டும். ‘கிக் த பக்கெட்’ என்றால் இறப்பது என்று பட்டியலில் படித்த பிள்ளை, அதைத் துக்க வீட்டில் சொல்லிவிடக்கூடும். அது ‘மண்டையைப் போட்டான்’ என்பதற்கு நேரானது. ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பவற்றுக்கு அல்ல. நான் மருத்துவமனையில் இருந்தபோது, ‘ஷீ இஸ் அவுட் ஆஃப் த வுட்ஸ்’ என்று மருத்துவர் சொன்னதை, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு முதியவரிடம் பேரன் ‘பாட்டி காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்’ என்று சொன்னான். காடு என்றால் அவருக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘கண்டம் தாண்டிவிட்டது, தாத்தா’ என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

அதேபோல, 2022 ஏப்ரலில் இங்கே 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழையை ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது பேய்மழை.

சென்னையிலிருந்து வந்தவன்:

இந்த நாட்டு ஆங்கிலத்துக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் டர்பனுக்கு வந்த முதல் வாரம், குழாய் பழுதுபார்ப்பவர் ‘ஐ ஆம் கமிங் ஜஸ்ட் நௌ’ என்றார்; நான் வாசலிலேயே நின்றேன், அவர் மாலையில் வந்தார். இங்கே ‘ஜஸ்ட் நௌ’ என்றால் பிறகு என்று பொருள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் ‘நெட்நௌ’ என்னும் சொல்லின் தாக்கம் அது. யோசித்துப் பார்த்தால், வீட்டைவிட்டே கிளம்பாமல் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று நாமும் இறந்தகாலத்தில் சொல்கிறோம் அல்லவா? அகராதியைப் பார்த்து இதைக் கற்க முடியாது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்தச் சனிக்கிழமை பட்டியல் இல்லை. ஐந்து சூழ்நிலைகளைச் சொல்லி, நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே என்ன சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொல்லப்போகிறேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை. தீபாவளி நாடகத்துக்கு மேடையேறும் பிள்ளையிடம் மற்றவர்கள் ‘பிரேக் எ லெக்’, அதாவது ‘காலை உடைத்துக்கொள்’ என்று வாழ்த்துகிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

மாரிட்ஸ்பர்க் வாசகர்:

வாயால் நல்லது சொன்னால் கெட்டது வந்துவிடும் என்ற நாடகக்காரர்களின் அச்சம் அது என்பார்கள். அழகான குழந்தையின் கன்னத்தில் நாம் கறுப்புப் பொட்டு வைப்பதும் கண்பட்டுவிடும் என்ற அச்சத்தால்தான். ஆகவே இதற்குச் சொல் தேட வேண்டாம். ‘நன்றாகச் செய்துவிட்டு வா’ என்று சொல்லி, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்து அனுப்புங்கள்.