உவரிக்குப் போன படப்புத்தகம்

பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போன கதைகளை எல்லோரும் எழுதுகிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன்.

பாளையங்கோட்டைப் புத்தகக் கண்காட்சியில் என் மகளுக்குக் கடலைப் பற்றிய ஒரு படப்புத்தகம் வாங்கினேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கம் திருப்பத் திருப்பக் கடலுக்குள் இறங்குவது போல வரைந்திருக்கிறார்கள். முதல் பக்கம் வெளிர் நீலம், கடைசிப் பக்கம் கன்னங்கரேல். நாங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். கடல் மீனைச் சந்தையில் பார்த்ததோடு சரி. அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பரீட்சை விடுமுறையில் திசையன்விளை வழியாக உவரிக்குப் போனோம். சுயம்புலிங்க சுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தால், வள்ளத்து நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இவள் நேரே போய்ப் புத்தகத்தை விரித்து, "தாத்தா, இதைப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

ஆக்டோபஸ் படம். "இது பேய்க்கணவாய்லா! ஆனா இப்படிச் செவச்செவன்னு இருக்காது தாயி. பாறையில ஒட்டுனா பாறை நிறம், மணல்ல கெடந்தா மணல் நிறம்" என்றார். அதற்கு மூன்று இதயம், ரத்தம் நீலம் என்று இவள் படித்துக் காட்டினாள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் வரிசையாகப் பெயர்கள். புத்தகத்தில் ஸ்க்விட் என்று போட்டிருந்தது ஊசிக்கணவாய். கட்டில்ஃபிஷ் என்றது ஓட்டுக்கணவாய். ஊதிப் பந்தாகும் மீன் பேத்தை. தமிழில் அச்சடித்த புத்தகத்தில் இந்தப் பெயர்கள் இல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. காலடியில் கிடந்த, படகு போன்ற வெள்ளை ஓடு ஒன்றை எடுத்து, "இதான் கடல் நுரை, ஓட்டுக்கணவாய் உள்ள இருக்கது" என்று அவள் கையில் வைத்தார். அந்த ஓட்டுக்குள் நுண்ணிய அறைகள் உண்டு. அவற்றில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் அது கடலில் ஏறி இறங்குகிறது.

கடல்குதிரைப் பக்கம் அவளுக்கு உயிர். அப்பா குதிரைதான் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமக்கும். "வலையில வந்தா திரும்ப விட்டுருவோம்" என்றார் பெரியவர். 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

கடைசிக் கறுப்புப் பக்கம் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. நெற்றியில் விளக்கு தொங்கும் தூண்டில் மீன். 1000 மீட்டருக்குக் கீழே வெயில் எட்டவே எட்டாது, அந்த விளக்கு ஒளிரும் நுண்ணுயிர்களால் எரிகிறது என்று இவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஆயிரம் மீட்டர்னா எத்தனை பாகம்மா?" என்று என்னைக் கேட்டார். ஒரு பாகம் ஆறடி என்று கணக்குப் போட்டு, 550 பாகத்துக்குப் பக்கம் வரும் என்றேன்.

"அம்புட்டு ஆழத்துலயுமா உசிரு இருக்கு?" என்று அந்த மீனின் விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

திரும்பும் பேருந்திலேயே மகள் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அவர் சொன்ன பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டாள். தூண்டில் மீனுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருக்கிறது. அதற்கு அந்தத் தாத்தாதான் பெயர் வைக்க வேண்டுமாம். அடுத்த விடுமுறைக்கு மறுபடி உவரி.