கரும்பலகையில் எழுத நம்பகமான அறிவியல் செய்தி வேண்டும், கூடவே ஹீமோபீலியா பற்றி ஒரு கேள்வி

படிப்பகத்துக்காரன் (மார்த்தாண்டம்)

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்னப் படிப்பகம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். வாசலில் இருக்கும் கரும்பலகையில் வாரத்துக்கு ஒரு அறிவியல் செய்தி எழுதலாமே என்று பிளஸ் டூ பிள்ளைகள் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான் படித்தது பி.காம்., வாட்ஸப்பில் வருவதில் எது நெல் எது பதர் என்று பிரிக்கத் தெரியவில்லை. ரஷ்யாவில் புற்றுநோய்க்குத் தடுப்பூசி, எல்லாருக்கும் இலவசம் என்கிறது ஒன்று. கொரியாவில் ஒரு கல் கிடைத்தது, இனி மின் இழப்பே கிடையாது என்கிறது இன்னொன்று. செயற்கைச் சூரியன் தயார், 124 ஒளியாண்டு தூரத்தில் உயிர் இருக்கிறது, இப்படி வந்துகொண்டே இருக்கிறது.

இதோடு இன்னொரு விஷயம். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு ஹீமோபீலியா ஏ, அதாவது இரத்தம் சரியாக உறையாத நோய். பள்ளிக்கூடம் போகிற பையன். விழுந்து அடிபட்டால் ஃபேக்டர் ஊசிக்கு ஆசாரிப்பள்ளம் ஓடுவார்கள். அந்த அக்கா போன வாரம் வந்து, "வேலூர்ல இதுக்கு ஒரே தடவையில குணமாக்கியாச்சுன்னு வந்திருக்கே, உண்மையா தம்பி?" என்று கேட்டார். என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்_எண்ணி

அண்ணே, தக்கலைக்காரி நான், இப்போது பெங்களூரில் ஆய்வு மாணவி. அக்காவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் பலகைக்குத்தானே.

வேலூர் செய்தி உண்மை. சிஎம்சி மருத்துவமனையில் செய்து 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. ஹீமோபீலியா ஏ உள்ளவர்களுக்கு இரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் எட்டு என்ற புரதம் உடம்பில் போதிய அளவு உருவாகாது, அதனால்தான் வெளியிலிருந்து ஊசியாகப் போடுகிறோம். அந்தப் புரதத்துக்கான மரபணுவையே உடம்புக்குள் வைத்துவிட்டால் என்ன என்று பல வருடங்களாக முயன்று, வெளிநாட்டில் 2022, 2023 வாக்கில் ஒரு சிகிச்சைக்கு அனுமதியும் கொடுத்தார்கள். அதில் ஏஏவி என்ற வைரஸை வாகனமாக்கி மரபணுவைக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். சிக்கல் என்னவென்றால் நம்மில் நிறையப் பேருக்கு அந்த வைரஸுக்கு ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி இருக்கும், அவர்களுக்கு அது பலிக்காது. பலித்தவர்களுக்கும் வருடம் போகப்போக ஃபேக்டர் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. 2023-ல் அமெரிக்காவில் அறிவித்த விலை சுமார் 29 லட்சம் டாலர்.

வேலூரில் வேறு வழியில் போனார்கள். நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வாகனம் மூலம் ஃபேக்டர் எட்டு மரபணுவை அவற்றில் சேர்த்து, அந்தச் செல்களைத் திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து புதுப்புது இரத்த அணுக்கள் வந்துகொண்டே இருக்கும், அவை அந்தப் புரதத்தையும் செய்யும். சிகிச்சை பெற்ற 5 பேருக்கும், அதன்பின் கவனித்த காலத்தில் இரத்தக் கசிவே வரவில்லை. இது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் அக்காவிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 5 பேர்தான், எல்லாரும் வயது வந்த ஆண்கள், இது முதல் கட்டச் சோதனை. செல்களை ஏற்றுவதற்கு முன் எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்க கீமோ மருந்து கொடுக்க வேண்டும், அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. சின்னப் பையனுக்கு நாளைக்கே கிடைக்கும் சிகிச்சை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதை நம்பி ஃபேக்டர் ஊசியை ஒரு தடவைகூடத் தவறவிட வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, இந்தச் சோதனையின் அடுத்த கட்டம் எப்போது, எந்த வயதுக்காரர்களைச் சேர்ப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அது நியாயமான கேள்வி.

ரஷ்யத் தடுப்பூசி: 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான், பெரிய அளவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு எதையும் வைத்து அந்த அறிவிப்பு வரவில்லை. ரஷ்யா சொன்னதும் எம்ஆர்என்ஏ முறைதான், அதாவது கட்டியை அடையாளம் காட்டும் குறிப்பை உடம்புக்கு ஊசியாகக் கொடுப்பது. அதே முறையில் அமெரிக்காவில் மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் செய்த சோதனைக்கு முடிவு இருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த 157 பேரில், வழக்கமான மருந்தோடு இதையும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பி வருவதோ இறப்போ ஏற்படும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது. ஒவ்வொருவரின் கட்டியைப் படித்து அவரவருக்குத் தனியாகத் தயாரிப்பது அது. ஊருக்கெல்லாம் வரிசையில் நிற்கவைத்துப் போடுகிற விஷயம் இல்லை.

பிள்ளைகளுக்கு எழுத என்னைக் கேட்டால் பிலடெல்பியா குழந்தையைத்தான் சொல்வேன். 2024-ல் பிறந்த குழந்தை. அம்மோனியாவை வெளியேற்ற வேண்டிய சிபிஎஸ்1 என்ற நொதி வேலை செய்யவில்லை, மரபணுவில் பிழை. அந்தப் பிழையை மட்டும் திருத்துகிற மருந்தை அந்த ஒரு குழந்தைக்காகவே சுமார் ஆறு மாதத்தில் உருவாக்கி, 2025 பிப்ரவரியில் முதல் டோஸ் கொடுத்தார்கள். மேயில் கட்டுரை வந்தது. முழுக் குணம் என்று அந்த டாக்டர்களே சொல்லவில்லை, மருந்தைக் குறைக்க முடிந்தது, புரதம் கூடுதலாகச் சாப்பிட முடிந்தது என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்குப் பிடித்ததே அந்த அடக்கம்தான்.

வெட்டுக்கத்தி_குலசேகரம்

நோய் நொடி எல்லாம் சரி. நம்ம மாவட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் ரப்பர் பால் காசில்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம், அதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா?

கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் ஆராய்ச்சி நிலையம் மரபணு மாற்றிய ரப்பர் தையை உருவாக்கி, 2021 ஜூனில் அசாமில் குவாஹாட்டி பக்கம் நட்டது. உலகத்திலேயே வயலில் நட்ட முதல் மரபணு மாற்று ரப்பர் என்று சொன்னார்கள். வேறு செடியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை, ரப்பர் மரத்திலேயே இருக்கிற ஒரு மரபணுவைத்தான் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள், குளிரையும் வறட்சியையும் தாங்குவதற்காக. கேரளாவில் முன்பே வயல் சோதனைக்குக் கேட்டும் நடக்கவில்லை, அதனால் கோட்டயத்துச் சரக்கு அசாம் போய் நிற்கிறது. குளிர் அங்கேதான் என்பதும் உண்மைதான்.

நட்ட மரத்தில் பால் வெட்ட ஏழு வருடம் வேண்டும், அது நமக்கெல்லாம் தெரியும். ஆக பால் எவ்வளவு வரும் என்று இப்போதே ஒருத்தன் எழுதினால் அவன் புளுகுகிறான். வெட்டுக்கு வந்து, நாலு மழை பார்த்து, பட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நாம் நடுகிற 105 ரகத்தைவிட மேலா கீழா என்று பேச முடியும்.

அரசாங்கம் 2025 மேயில் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகம் அறிவித்தது, அதில் கமலா என்பது நம்ம பிபிடி நெல்லைத் திருத்தி எடுத்தது, 20 நாள் முன்னாடி விளையும் என்றார்கள். மகசூல் கணக்கைச் சிலர் சந்தேகப்பட்டார்கள், விவாதம் ஓடுகிறது. நாஞ்சில் நாட்டு வயல் பாதி பிளாட் ஆன பிறகு நமக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முப்பந்தல்_காற்றாடி

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன், அதனால் கரண்ட் சம்பந்தப்பட்டது மட்டும்.

கொரியக் கல்: எல்கே-99. 2023 ஜூலையில் வந்தது, ஆகஸ்ட்டிலேயே முடிந்தது. டெல்லியில் நம் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல இடங்களில் செய்து பார்த்தார்கள், மின்கடத்து விசேஷம் எதுவும் இல்லை. கல்லில் கலந்திருந்த தாமிர சல்பைடு 104 டிகிரி பக்கத்தில் படிக உருவம் மாறுகிறது, அப்போது மின்தடை சட்டென்று விழுகிறது. அதைத்தான் மீக்கடத்தல், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது, என்று நினைத்தார்கள். பிள்ளைகளுக்கு இதையும் எழுதுங்கள், ஒரே மாதத்தில் உலகம் முழுக்கச் சேர்ந்து ஒன்றை இல்லையென்று காட்டியதும் அறிவியல் செய்திதான்.

செயற்கைச் சூரியன்: 2022 டிசம்பர் 5, கலிபோர்னியா, லிவர்மோர் ஆய்வகம். லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், அணுப்பிணைப்பில் வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது, அது நிஜமான சாதனை, பல வருட வேலை. ஆனால் நம்ம மீட்டர் கணக்கில் பாருங்கள்: வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரை ஓட்ட லைனிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட் போல. 2025-ல் 8.6 மெகாஜூல் வரை போனார்கள், சுமார் 2.4 யூனிட். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்தால் எங்கள் டர்பைன் ஒன்று அதைச் சில நொடியில் தந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை, அளவு புரிய வேண்டும் என்பதற்காக.

124 ஒளியாண்டு: கே2-18பி. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் சொன்னது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவில் டைமெத்தில் சல்பைடு வாயுவின் தடயம் தெரிகிறது என்றார்கள். பூமியில் அது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. ஆனால் அதே தரவை வேறு குழுக்கள் ஆராய்ந்து, அப்படி உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் அந்த வாயு கிடைத்திருக்கிறது. பலகைக்கு இப்போது வேண்டாம்.

அப்புறம் யாராவது மணவாளக்குறிச்சி மணலில் அணு உலை ஓடுகிறதா என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது, நியூட்ரான் பட்டு யுரேனியம்-233 ஆன பிறகுதான். அந்த யுரேனியம்-233-ல் ஓடும் காமினி உலை கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது, திறன் 30 கிலோவாட், ஆராய்ச்சிக்கு மட்டும். பெரிய அளவில் தோரியம் என்பது இன்னும் தூரம்.

தூத்தூர்_கடல்

என்னைக் கேட்டால் முதல் வாரம் வானிலை எழுதுங்கள் அண்ணே. எங்க ஊரில் ஒக்கியை யாரும் மறக்கவில்லை. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ம் தேதி புயலாகிவிட்டது, ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிற படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போயிருந்தன.

இப்போது கூகுள் டீப்மைண்டின் ஜென்காஸ்ட் என்ற ஏஐ மாடல், 2024 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. 1979 முதல் சுமார் 40 வருட வானிலைப் பதிவைப் படித்துவிட்டு, 15 நாள் முன்கணிப்பை எட்டு நிமிடத்தில் தருகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் பழைய முறைக் கணிப்போடு ஒப்பிட்ட 1320 அளவீடுகளில் 97 சதவீதத்துக்கு மேல் இதுதான் முந்தியது. அந்த ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் சொந்த ஏஐ மாடலை வேலைக்கு இறக்கிவிட்டது. நம் நாட்டில் 2025 மேயில் 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் பாரத் முன்கணிப்பு முறை வந்தது, அது ஏஐ இல்லை, இயற்பியல் சமன்பாடுதான், முன்பு 12 கிலோமீட்டராக இருந்தது.

ஒரு குறை உண்டு. ஏஐ மாடல்கள் புயல் போகிற பாதையை நன்றாகச் சொல்கின்றன, வேகம் எவ்வளவு கூடும் என்பதில் குறைத்துச் சொல்லிவிடுகின்றன. ஒக்கியில் எங்களைக் கவிழ்த்தது அந்த வேகம்தான். அதோடு கணித்ததைப் படகுக்குச் சொல்ல வேண்டுமே, கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் செல்போன் கிடையாது. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்குகிற டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளுக்குப் பொருத்துகிற திட்டம் 2024-ல் தொடங்கியது. மாடலைவிட அந்தப் பெட்டியைப் பற்றி நாலு வரி அதிகம் எழுதுங்கள்.

பிளஸ்டூ_ஏ1

அண்ணா, 2025 இயற்பியல் நோபல் எதற்கு? சார் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை.

முப்பந்தல்_காற்றாடி

கிளார்க், டெவோரெட், மார்ட்டினிஸ் மூன்று பேருக்கு மக்ளே. சுவரை ஊடுருவிப் போகிற குவாண்டம் குணம் ஒற்றை எலக்ட்ரானுக்கு மட்டும் உரியது இல்லை, கையில் பிடிக்கிற அளவு மின்சுற்றிலும் அது நடக்கும் என்று 1984, 85-ல் பெர்க்லியில் சோதித்துக் காட்டினார்கள். இன்றைய குவாண்டம் கணினிகளில் ஒரு வகைக்கு அதுதான் அடித்தளம்.

படிப்பகத்துக்காரன் (மார்த்தாண்டம்)

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் வானிலையும் டிரான்ஸ்பாண்டரும். அடுத்த வாரம் எல்கே-99, பிறகு அசாம் ரப்பர். வேலூர் செய்தியைப் பலகையில் போடவில்லை, அக்காவிடம் நேரில் பேசினேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். "அஞ்சு பேருன்னாலும் அஞ்சு பேருக்கு ஆச்சுல்ல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செல்_எண்ணி

சரியாகச் செய்தீர்கள் அண்ணே. ஒன்றே ஒன்று, பலகையில் செய்திக்குக் கீழே அது வெளியான மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள். யாராவது படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டு, இரண்டு வருடம் கழித்து அது உங்களுக்கே புதுச் செய்தியாகத் திரும்பி வரும்.