பிரசவத்துக்கு அம்மா வரக்கூடாதா? அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே பேசிவிடுவோம்

காஸ்வேகாரி:
2020 மே மாதம் எனக்குத் தலைப்பிரசவம். வீடு சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில், 12வது மாடி. இரவில் சன்னலைத் திறந்தால் மலேசியாவின் ஜோகூர் பாரு விளக்குகள் தெரியும். அம்மா அங்கேதான் இருக்கிறார். நடுவில் காஸ்வே என்ற ஒரு கிலோமீட்டர் பாலம். மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 23ஆம் தேதி இரவு சிங்கப்பூர், குறுகியகால வருகையாளர்களை நிறுத்தியது. ஏப்ரல் 7இல் சர்க்யூட் பிரேக்கர், அதாவது சிங்கப்பூரின் பொதுமுடக்கம். கணவருக்குத் துறைமுக வேலை, அத்தியாவசியச் சேவை என்பதால் தினமும் போயாக வேண்டும்.

ஸ்கேனுக்குத் தனியாகப் போனேன். முகக்கவசத்துக்குள் அழுதால் மூக்கடைத்துக்கொள்ளும், கழற்றவும் முடியாது. பிள்ளை பிறந்த மூன்றாம் வாரம், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். ஃபோனில் எல்லோரும் பால் சுரக்க வழி சொன்னார்கள், பூண்டு சாப்பிடு, சுறாப்புட்டு சாப்பிடு என்று. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அடுத்த தொற்றில் கர்ப்பிணிக்கு ஒரே ஒரு துணை, அவளே தேர்ந்தெடுப்பவர், எல்லைக்கு அப்பால் இருந்தாலும் வரலாம் என்று இப்போதே விதி எழுதி வைக்க வேண்டும்.

இரவுப்பணித் தாதி:
சகோதரி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனாலும் நான் இதற்கு எதிர்தான்.

அந்த ஏப்ரலில் நான் வார்டில் இருந்தேன். கர்ப்பிணிக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும், குழந்தைக்குப் போகுமா, யாருக்கும் சரியாகத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது, கர்ப்பிணிகளுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல், குறைப்பிரசவமும் நேரலாம் என்று. தடுப்பூசி 2020 டிசம்பர் கடைசியில் தொடங்கியபோதுகூடக் கர்ப்பிணிகளுக்கு இல்லை, 2021 ஜூன் வரை காத்திருந்தார்கள். கையில் ஒரு கவசமும் இல்லாத பெண்ணிடம் இன்னொரு ஆளை அனுப்புவது எந்தப் பாசம்? ஒருவருக்கு விட்டால் மாமியார், அத்தை, நாத்தனார் என்று வரிசை நிற்கும். நம் வீடுகளை நமக்குத் தெரியாதா?

ஈசூன் மாமா:
தாதி சொல்வது சரி. என் மருமகளுக்கு அந்த வருடம் வளைகாப்பை ஸூமில் செய்தோம். அவளே தனக்கு வளையல் போட்டுக்கொண்டாள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். சில மாதம் பொறுத்துக்கொள்ள முடியாதா, அம்மா?

காஸ்வேகாரி:
மாமா, உங்கள் மருமகளிடம் அந்த நாளைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். வளைகாப்பில் சுற்றியிருப்பவர்கள் கை பட்டுத்தான் வளையல் ஏற வேண்டும்.

தாதி அக்கா, வரிசை நிற்கும் என்கிறீர்கள். நான் கேட்பது கூட்டம் இல்லை, ஒருவர். தொற்றே இல்லாத காலத்திலும் உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், பிரசவித்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் மனநலப் பிரச்சினை வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. அதுவும் உயிரை எடுக்கக்கூடிய நோய்தானே?

பொங்கோல் அப்பா:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் என்றால்தான் தகப்பனுக்கு அரசாங்கம் சம்பளம் தரும் விடுப்பு. அப்போது அது 2 வாரம், இப்போது 4. நானும் மனைவியும் வேலை அனுமதியில் வந்தவர்கள், எனக்கு அந்த விடுப்பு இல்லை. இந்தியாவில் விமானமே நின்றுவிட்டது. மூன்றாம் நாளே நான் வரவேற்பறையில் கணினி முன்னால், அவள் அறையில். ஒரே வீட்டில் இருந்தும் அவள் தனியாகத்தான் இருந்தாள். காஸ்வேகாரி கேட்கும் விதி எங்களைப் போன்றவர்களுக்கும் வேண்டும்.

இரவுப்பணித் தாதி:
மனச்சோர்வைச் சின்னதாக நினைக்கவில்லை. பிரசவகால மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, 10 கேள்விதான். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘எப்போதாவது’ என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்ன இரவை நான் மறக்கவில்லை. எல்லாக் கர்ப்பிணியிடமும் அதை ஃபோனிலாவது, தமிழிலேயே கேட்க வேண்டும் என்பேன். வெளியிலிருந்து ஆள் வருவது வேறு. வந்தவருக்குத் தொற்று இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? வீட்டிலேயே தொற்றைச் சோதித்துக்கொள்ளும் ஏஆர்டி கருவி 2021 ஜூனில்தான் மருந்துக்கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு என்றால் உங்கள் பக்கம் நிற்கிறேன். 2020 ஏப்ரலுக்கு, இல்லை.

காஸ்வேகாரி:
அக்கா, கருவி இல்லாத அந்த மாதங்களிலும் ஒரு வழி இருந்தது. திரும்பி வந்த குடிமக்கள் ஹோட்டல் அறையில் 14 நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் அம்மாவும் தயாராக இருந்தார். செலவையும் தானே கொடுப்பதாகச் சொன்னார். கேட்க ஒரு வழியே இல்லை. 2022 ஏப்ரல் 1இல் எல்லை முழுதாகத் திறந்த பிறகுதான் பேரனைத் தொட்டார். அவனுக்கு 2 வயது ஆகப்போகிறது அப்போது.

இரவுப்பணித் தாதி:
14 நாள் என்பதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று, பெரும்பாலும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களைப் பிரித்து வைக்கவே அறை தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் ஆகஸ்டுக்குள் அந்த நெருக்கடி தணிந்தது. அப்போதாவது உங்கள் அம்மாவுக்கு ஓர் அறை கொடுத்திருக்கலாம். அது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

ஈசூன் மாமா:
மருமகளிடம் இப்போதுதான் கேட்டேன். அன்று கேமராவை அணைத்த பிறகு வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டாளாம். வளையல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுகை வந்ததாம். என்னிடம் சொல்லவே இல்லை.