அந்த மாத்திரை அவனுக்குத்தான்

பட்டுக்கோட்டை, மருந்துக்கடைக்காரர்:

மாதத்தின் முதல் வாரத்தில் என் கடைக்கு மெட்டோப்ரோலால் என்கிற இதய மாத்திரை வாங்க வருகிற ஒரு பையனைப் பற்றி எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

முதல் தடவை சீட்டை நீட்டியபோது, "உம்மாவுக்கா தம்பி?" என்று கேட்டேன். "எனக்குத்தாண்ணே" என்றான். நிமிர்ந்து பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதிராம்பட்டினத்தில் எழுவர் கால்பந்து நடந்தால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போகிறவன் நான். இடது ஓரத்தில் இவன் பந்தோடு கிளம்பினால் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். சென்னையில் ஒரு கிளப் சம்பளம் பேசி எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது என் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது போல இருந்தது. அப்போது அவனுக்கு 22 வயது.

அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு முன் எடுத்த ஈசிஜியில் ஏதோ சரியில்லை என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்திருக்கிறார்கள். இதயத் தசை தடித்திருந்தது. ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. சிலருக்கு மூச்சிரைக்க ஓடும்போது துடிப்பு தாறுமாறாகி அப்படியே விழுந்துவிடும் ஆபத்து உண்டு. இவனுக்கு ஒரு நாள் தலைசுற்றல்கூட வந்ததில்லை. "கால் ஒடிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேண்ணே. நல்லா ஆடிட்டிருக்கும்போதே போகச் சொல்லிட்டாங்க" என்றான்.

அன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். "உயிர் தப்பிச்சதே பெருசு, அதை நினைச்சுக்க" என்றேன். மீதிச் சில்லறையை வாங்காமல் போய்விட்டான். ஊரே அவனிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து வயதிலிருந்து சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு மைதானத்துக்கு ஓடிய பிள்ளை. அவன் வீட்டில் விழுந்தது ஒரு இழவு. அதற்கு யாருமே துக்கம் விசாரிக்கவில்லை. அடுத்த மாதம் வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு, முத்துப்பேட்டை அணிக்கு எதிராக அவன் அடித்த ஒரு கோலைப் பற்றிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினான்.

அந்தப் பேச்சில்தான் வாப்பா விஷயம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தவர், 40 தாண்டவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று சொல்லி அனுப்பினார்களாம். இந்த நோய் பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவனுக்கு ஒரு தம்பி, பத்தாவது படிக்கிறான், அவனும் ஆடுகிறவன். "இவனையும் காட்டினா இவன் ஆட்டத்தையும் நிறுத்திடுவாங்களே" என்று உம்மா கிளம்பவே மாட்டேன் என்றிருக்கிறார். அப்புறம் என் மனைவி போய்ப் பேசி, எல்லோருமாகத் தஞ்சாவூர் போனோம். எக்கோவில் தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வளர்கிற வயதில் தசை தடிக்கலாம் என்பதால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணே, அவரிடம் அன்வர் அலியைப் பற்றிச் சொல்லுங்கள். 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவர். 2019இல் இதே வகை இதயக் கோளாறு தெரிந்து ஆட்டம் நின்றது. நீதிமன்றம் வரை போனார். திரும்ப கோவா அணிக்கு ஆடி, 2022இல் இந்திய சீனியர் அணிக்கே வந்துவிட்டார்.

கும்பகோணத்திலிருந்து, விளையாட்டு ஆசிரியர்:

இங்கிலாந்தின் போல்டன் அணியின் ஃபேப்ரிஸ் முவாம்பா 2012 மார்ச்சில் ஆட்டத்தின் நடுவிலேயே சரிந்தார். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. மைதானத்திலேயே மார்பை அழுத்த ஆரம்பித்ததால் பிழைத்தார், 24 வயதில் ஓய்வு பெற்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் எங்கள் மைதானத்தில் ஒரு பையன் விழுந்தபோது நாங்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். வெறும் மயக்கம், எழுந்துவிட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் இன்னும் நான்கு பேரும் மார்பை அழுத்தும் முறையைக் கற்றுக்கொண்டோம். நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது.

பட்டுக்கோட்டை, மருந்துக்கடைக்காரர்:

மன்னார்குடித் தம்பிக்கு: அன்வர் அலி கதை அவனுக்கு மனப்பாடம். போனில் எடுத்து டாக்டரிடமே காட்டியிருக்கிறான். ஒவ்வொருவர் இதயமும் வேறு, உனக்கு இதயத் தசையில் தழும்பும் சேர்ந்து இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினாராம். சரி என்று வந்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி ஆடிய ஆட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். கோட்டுக்கு வெளியே பக்கத்தில் நின்றோம். தம்பியும் இடது ஓரம்தான். கூட்டம் பந்தைப் பார்த்தது. இவன் கடைசிவரை தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.