புளியங்கொட்டை எண்ணும்போது குழந்தையைப் பேச வைப்பது

அங்கன்வாடிப் பயிற்றுநர்:
நாலு வயசுக் குழந்தை ஏழு கொட்டையைச் சரியாக எண்ணிவிடும். உடனே "எத்தனை இருக்கு?" என்றால் மறுபடி ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். எண்ணி முடித்ததும் கொட்டைகளைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, "ஏழு. மொத்தம் ஏழு கொட்டை" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். மூன்றில் தொடங்குவது நல்லது. மூன்று வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். குவியலாக வைக்காதீர்கள். எண்ணியதையே திரும்ப எண்ணும், நாம் "எண் தெரியலை" என்று முடிவு கட்டிவிடுவோம். வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே எண்ணட்டும். புரிந்ததா என்று பார்க்க, "எனக்கு நாலு கொடு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளித் தந்தால் இன்னும் புரியவில்லை.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:
"எத்தனை?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடும். ஒரு கிண்ணத்தில் 5, இன்னொன்றில் 8 வைத்து "எதுல அதிகம்?" என்றாலும் விரலை நீட்டுமே தவிரப் பேசாது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்கள் சறுக்குவது இங்கேதான், பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "இது பெருசு" என்று வந்தால், "ஆமா, இதுல அதிகம். அதைவிட மூணு அதிகம்" என்று திருப்பிச் சொன்னால் போதும், கண்டிக்க வேண்டாம். நீளம், உயரம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இந்த வயதில் 'பெருசு'தான். பெரிய கொட்டை மூன்று, சின்னது ஆறு வைத்தால் குழப்பம் வெளியே வரும். 'அதிகம்' சீக்கிரம் பழகும், 'குறைவு' மெதுவாகத்தான். ஒவ்வொரு முறையும் "எதுல குறைவு?" என்பதையும் கேளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது "எவ்வளவு தண்ணி? எத்தனை டம்ளர்?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து:
வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணினால் தடுக்காதீர்கள். முழுதாக எண்ணட்டும், பிறகு அதே கொட்டைகளைத் தமிழில் சேர்ந்து எண்ணுங்கள். பல்லாங்குழியின் 14 குழியும் இந்த வயதுக்கு அதிகம். நாலு குழி, குழிக்கு மூன்று கொட்டை போதும். போடும்போதே "ஒண்ணு போட்டேன், இப்ப நாலாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்று வயதுக்குள் கொட்டையே வேண்டாம், விழுங்கிவிடும். குன்றிமணி எந்த வயதிலும் கூடாது, அது விஷம்.