வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

அண்ணி (மாலை 6.40): அனைவருக்கும் வணக்கம். வேன் விபத்தில் அடிபட்டு இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கட்டிலருகே வந்து அட்டை கொடுத்துவிட்டுப் போனாரே, அந்தப் புரோக்கர் இன்று மதியம் வீட்டுக்கே வந்துவிட்டார். தமக்குத் தெரிந்த வக்கீலிடம் இழப்பீட்டு வழக்கைக் கொடுத்தால் கைக்காசு ஒரு பைசாவும் செலவாகாது என்றும், பணம் வந்த பிறகு நூற்றுக்கு இருபது கொடுத்தால் போதும் என்றும் சொல்லி, நிரப்பாத வக்காலத்துப் படிவங்களில் கையெழுத்தும், தொகை எழுதாத காசோலை ஒன்றும் கேட்கிறார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்குள் பெரியவர்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

அத்தை (6.52): ஊரில் எல்லோரும் அப்படித்தானே கொடுக்கிறார்கள்? கையில் முன்பணம் இல்லாத நேரத்தில் அதுவும் ஒரு உதவிதான். வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குள் நம்மால் கால் வைக்க முடியாது. கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கோவை அண்ணன் (7.05): வக்கீலே எதற்கு என்று நான் கேட்கிறேன். எப்.ஐ.ஆர். வேன் ஓட்டுநர் மீதுதான் பதிவாகியிருக்கிறது. வேனுக்கு நடப்பில் இன்சூரன்ஸும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, காவல் துறையே விபத்து அறிக்கையைத் தயாரித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், காப்பீட்டு நிறுவனமும் தானாகவே ஒரு தொகையைச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் இருபது சதவீதம் மிச்சமாகும்.

சின்ன அண்ணன் (7.11): இடது கையால் தட்டுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். வேன்காரர் ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். அதை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நான் (7.13): எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே, அண்ணா. பெரியப்பா வரட்டும்.

பெரியப்பா (8.20): இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். குரல் பதிவாக அனுப்பினால் நாளைக்கு யாரும் திரும்பக் கேட்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். முப்பது வருடம் கோர்ட் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளைப் பார்த்த சிரஸ்தார் சொல்கிறேன் என்று பொறுமையாகப் படியுங்கள்.

தங்கச்சி சொல்வது நடப்பு. ஆனால் அது சரியல்ல. கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளே தடை செய்கின்றன. பேசுகிறவர்கள் பேசத்தான் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தக் காசோலை எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். இழப்பீடு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வந்துவிட்டால் தங்கள் பங்கை எப்படி எடுப்பது என்ற கவலைதான் அது. கட்டில் தேடி வந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

கோவைத் தம்பி சொல்வதும் பாதி உண்மை. மனுவை நீங்களே போடலாம்; விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். எலும்பு கூடி, பழையபடி வேலைக்குப் போய்விட்ட ஆளாக இருந்தால், மருத்துவச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் கணக்குக் காட்டி நிறுவனம் சொல்வதை வாங்கிக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன். இவன் விஷயம் அப்படியில்லை. மருமகளே, அவன் கை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

அண்ணி (8.31): வலது மணிக்கட்டில் தகடு வைத்து ஏழு வாரம் ஆகிறது, மாமா. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். நேற்றுத் தச்சுப் பட்டறைக்குப் போய் இழைப்புளியை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒரு முழம்கூடத் தள்ள முடியவில்லை. சுருள் விழவேயில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பெரியப்பா (8.55): இதற்குத்தான் வக்கீல் தேவை. மருத்துவர், ஊனம் இத்தனை விழுக்காடு என்று எழுதித் தருவார். 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உடம்பின் கணக்கு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது வேறு கணக்கு. உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒரு கையை இழந்தவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் அவருடைய வேலை போகாமல் இருக்கலாம். அவரே ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்து அந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் போனால், வருமான இழப்பு ஏறக்குறைய முழுவதுமாக இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே தச்சரை உதாரணம் காட்டியிருக்கிறார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் வருமானம் என்று நிரூபித்தால் ஆண்டுக்கு 2,16,000. இவனுக்கு வயது 38. சரளா வர்மா வழக்கில் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15. ஆக 32,40,000. அதில் 15 விழுக்காடு என்றால் 4,86,000. தொழில் திறனில் 40 விழுக்காடு போயிற்று என்று ஏற்றுக்கொண்டால் 12,96,000. இந்த இடைவெளி தானாக நிரம்பாது. மருத்துவரைச் சாட்சி சொல்ல வைத்து, நிறுவனத்தின் வக்கீல் செய்யும் குறுக்கு விசாரணையைத் தாங்கி வாங்க வேண்டியது அது. நிறுவனம் சொல்லும் தொகைக்குச் சம்மதித்துவிட்டால் சமரசத் தீர்ப்பாகி வழக்கே முடிந்துவிடும். பிறகு கை மடங்கவில்லை என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. வேன்காரரின் ஐம்பதாயிரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பள்ளிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்.

கோவை அண்ணன் (9.04): ஒப்புக்கொள்கிறேன், பெரியப்பா. ஆனால் முன்பணத்துக்கு என்ன செய்வது? கை முழுவதும் ஆறும்வரை பொறுத்திருந்து பிறகு வக்கீலைப் பார்த்தால் என்ன?

பெரியப்பா (9.15): பொறுத்திருக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும் அவற்றை நம்பி நாம் தூங்க முடியாது. வக்கீலிடம் கட்டணத்தை மொத்தமாகப் பேசி, தவணையாகத் தருகிறோம் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். விபத்து வழக்குகளை நடத்துகிற இருவரை எனக்குத் தெரியும். அவர்களிடமும் தோதுப்படவில்லை என்றால், கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தகுதி இருந்தால் வக்கீலை இலவசமாகவே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

அத்தை (9.22): அண்ணா, அந்தப் புரோக்கர் நாளை வந்தால் மருமகள் என்ன சொல்வாள்? தனியாக இருப்பாளே.

பெரியப்பா (9.24): காலை ஒன்பது மணிக்கு நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மருமகளே, எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. எல்லாவற்றையும்விட முக்கியம், அவன் கூலி எழுதி வைக்கும் நோட்டு. சம்பளச் சீட்டு இல்லாத மனிதனுக்கு அந்த நோட்டும், ஜிபேயில் வந்த வரவும்தான் 18,000 ரூபாய்க்குச் சாட்சி.

அண்ணி (9.50): நோட்டு பட்டறை அலமாரியில் கிடைத்துவிட்டது, மாமா. மரத்தூள் தட்டிவிட்டுப் பார்த்தேன். பொங்கலிலிருந்து நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். நடுவில் இரண்டு தாள்கள் மட்டும் இல்லை. சின்னவன் ராக்கெட் செய்தானாம். பரண்மேல் ஒன்று இருக்கிறது என்கிறான். காலையில் ஏணி போட்டு எடுக்கிறேன்.