எண்ட்வாக்கர்: யாருக்கும் எதுவும் தெரியாதிருந்த அந்த முதல் வாரம்

எண்ட்வாக்கர் விளையாட்டில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது என்று இந்தத் தொடரில் எங்களை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கதையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சோட் கோபுரத்தில் கூட இருந்த மூன்று பேரைப் பற்றியும், பிறகு வேறோர் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றியும் எழுதுகிறேன். ஆட்டத்தை இன்னும் முடிக்காதவர்கள், தாவ்நேர் தீவு தீப்பற்றும் இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தை நீங்கள் நேரில்தான் சந்திக்க வேண்டும்.

பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இணைய விளையாட்டின் நான்காவது விரிவாக்கம் இது. 2013-இல் தொடங்கிய ஒரு பெருங்கதை இதில் முடிகிறது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். 2021 நவம்பர் 23-இல் வரவேண்டியது, இரண்டு வாரம் தள்ளி டிசம்பர் 7-இல் வந்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு டிசம்பர் 3, வெள்ளிக்கிழமையே கதவு திறந்தது. எட்டு ஆண்டுக் கதையின் முடிவைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? வரிசை. எனக்கு முன்னால் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு இருந்த காலம் அது. புதிய சர்வர் வாங்கக்கூட வழியில்லாமல் இருந்தது. நடுவில் 2002 என்ற பிழை எண் வந்து வெளியே தள்ளிவிடும். உடனே திரும்பி வந்தால் இடம் தப்பும், தாமதித்தால் மீண்டும் கடைசியிலிருந்து. அதனால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மூன்று இரவுகள் மோர்ச்சாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண் குறைவதைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். பின்னர் அந்த நெரிசலுக்காக எல்லோருக்கும் மொத்தம் 21 நாள் சந்தா இலவசமாகக் கிடைத்தது. புதியவர்களுக்கு விற்பதையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். ஆட வருகிறவர்களை வரவேண்டாம் என்று ஒரு விளையாட்டு சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் டோன்பெரி சர்வரில் இருக்கிறேன். ஜப்பானில் இருக்கும் சர்வர்தான், ஆனால் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆடுகிறவர்கள் அங்கே அதிகம். பல ஆண்டுகளாக ஒயிட் மேஜ், அதாவது குணப்படுத்துகிற ஹீலர். அடி வாங்குகிறவர்களைக் காப்பாற்றுவதுதான் என் வேலை, அது எனக்குப் பிடித்த வேலை. புதிதாக வந்த ரீப்பர் என்ற தாக்கும் வகுப்பின் அரிவாளைத் தூக்கிக்கொண்டு பாதிப் பேர் திரிந்தார்கள். ஹீலர்களில் பலர் புதிய சேஜ் வகுப்பின் பக்கம் போனார்கள். நான் மாறவில்லை.

தாவ்நேரில் கால் வைத்ததும் எனக்கு ஒரு திகைப்பு. ராட்ஸ்-அட்-ஹான் நகரம் இந்தியச் சாயலில் கட்டப்பட்டிருக்கிறது என்பது படங்களிலேயே தெரிந்தது. நிறங்களை நான் எதிர்பார்த்திருந்தேன், பெயர்களை எதிர்பார்க்கவில்லை. யானை முகம் கொண்ட மக்கள். அவர்களுக்கு அர்க்கசோதரர் என்று பெயர், மாதங்கர் என்றும் ஒரு பெயர் உண்டு. மாதங்கம் என்றால் யானை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அகராதி தேவையில்லை. நகரை மறைந்திருந்து ஆளும் டிராகனின் பெயர் விருத்திரன். ரிக் வேதத்தில் தண்ணீரைத் தடுத்து வைத்து இந்திரனால் கொல்லப்பட்ட அதே விருத்திரன், இங்கே ஒரு சிறுவன் உருவப் பாவையின் வழியே தன் மக்களுக்கு நடுவில் நடமாடும் அன்பான காவலன். ஜப்பானில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, தோற்றவனுக்கு ஒரு நகரத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சோட் கோபுரம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. விரிவாக்கத்தின் முதல் டஞ்சன் (அணியாகப் போய்ப் போரிட்டுக் கடக்கும் இடம்), 81-ஆம் லெவல். நான்கு பேர் போக வேண்டும்: முன்னால் நின்று அடி வாங்கும் ஒரு டேங்க், ஒரு ஹீலர், அடிப்பவர்கள் இருவர். அணியில் யாராவது முதல்முறை வருகிறவராக இருந்தால், நுழைந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும்: இந்த இடத்தை இன்னும் முடிக்காதவர் உங்களோடு இருக்கிறார், முடித்தால் கூடுதல் வெகுமதி உண்டு என்று. பழைய டஞ்சன்களில் அதைப் பார்த்ததும், தெரிந்தவர்கள் தெரியாதவருக்கு இடம்விட்டு நடப்பார்கள். அன்று அந்த அறிவிப்பு வந்தபோது நான் ஒருவன்தான் புதியவன் என்று நினைத்துக்கொண்டு, முதல்முறை வருகிறேன், பிழை செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். டேங்க் எழுதினார்: நானும். ரீப்பர் எழுதினார்: நானும். நான்காமவர் ஜப்பானியர். ஆட்டத்தில் நான்கு மொழிகளுக்கு இடையே தானாக மொழிபெயர்க்கும் ஆயத்த வாக்கியங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடியெடுத்து, தானும் முதல்முறைதான் என்று தெரிவித்தார். பிறகு வழக்கம்போல யோரோஷிகு ஒனேகாய்ஷிமஸ் என்ற ஜப்பானிய முகமன்.

ஒரு நிமிடம் யாரும் நகரவில்லை. வழி தெரிந்தவர் முன்னே போகட்டும் என்று நால்வருமே காத்திருந்தோம்.

கோபுரத்தில் எதிர்ப்பவர்கள் மூன்று சகோதரிகள். முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரி, மிந்துருவா. அவள் தன் மந்திரங்களை உருண்டைகளாக மாற்றி வைப்பாள். எந்த உருண்டைக்குள் எந்த மந்திரம் என்று நினைவில் வைத்திருந்து, வெடிக்கும் நேரத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். இப்போது இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று எங்களுக்கு அந்த ஒரு வரி தெரியாது. இடப்பக்கம் ஓடினோம், செத்தோம். வலப்பக்கம் ஓடினோம், செத்தோம். மூன்றாம் முறை ஜப்பானியர் மட்டும் சரியான இடத்தில் நின்றார். மற்ற மூவரும் தரையில். அவர் தனியே நின்று அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றுகூட அடிக்கவில்லை. அவரும் விழுந்த பிறகு வந்து, படங்களைப் போட்டு எங்களுக்கு விளக்கினார். நாலாவது முறை வென்றோம். ரீப்பர் துள்ளிக் குதித்தார்.

இரண்டாமவள் சந்துருவாவின் தாக்குதல்கள் பெயர்ப் பட்டையில் ஓடியபோது நான் விளையாட்டையே மறந்தேன். பிராப்தி சித்தி. பிராகாம்ய சித்தி. ஈசித்துவ சித்தி. அட்டமா சித்திகளில் மூன்று! என் தாத்தா திருமந்திர வகுப்புக்குப் போய் வந்து அணிமா, மகிமா என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். அந்தச் சொற்களை எதிரி என்மேல் வீசிக்கொண்டிருக்கிறாள், நான் டேங்க்கின் உயிர்ப்பட்டையைக் கவனிக்காமல் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறேன். டேங்க் விழுந்தார். மன்னிப்புக் கேட்டு, இவை என் ஊரில் சித்தர்களின் ஆற்றல்களுக்குச் சொல்லும் பெயர்கள் என்று எழுதினேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவா, எட்டும் என்னென்ன என்று டேங்க் கேட்டார். மறுபடி போருக்குப் போகும் முன் எட்டையும் எழுதினேன். மூவரும் நின்று வாசித்தார்கள்.

கடைசியில் மூன்று சகோதரிகளும் சேர்ந்து வருகிறார்கள். மூன்றாமவள் சிந்துருவாவை முதலில் வீழ்த்துவது நல்லது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு தோல்விகள் ஆயின. பழகியவர்கள் இருபது நிமிடத்துக்குள் முடிக்கிற இடத்தில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். முடிந்ததும் ஒட்சுகரேசமா தேஷிதா (உழைப்புக்கு நன்றி) என்று எழுதிவிட்டு உடனே கிளம்புவதுதான் வழக்கம். அன்று நால்வரும் அங்கேயே நின்றோம்.

இரண்டு வாரம் கழித்து அதே கோபுரத்துக்குப் போனேன். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பதினெட்டு நிமிடம். ஒரு சொல் பேசவில்லை.

இனி தீப்பற்றும் இடம். இறுதி நாட்கள் என்ற பேரழிவு தாவ்நேரில் தொடங்கும்போது, நம்பிக்கை இழக்கிற மனிதர்கள் அங்கேயே பேய்களாக மாறுகிறார்கள். மத்ஸ்யா என்ற அர்க்கசோதரர், பெற்றோரை இழந்த ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் தப்பி ஓடுகிறார். அச்சம் அவரையும் தின்னத் தொடங்குகிறது. அவரே மாறிவிடுவாரோ என்று நமக்கு நடுக்கம். அதை முடித்துவிட்டு பாலகா ஊரில் வெளியே வந்தேன். தெருவோரத்தில் டிராகூன் வகுப்பில் ஆடுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்தப் பணியையும் செய்யவில்லை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து அவர் எழுதினார்: மணிலாவில் இருக்கிறேன், என் மகளுக்கு எட்டு மாதம், பக்கத்து அறையில் தூங்குகிறாள், இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான் என்ன எழுதுவது? நல்லது, மறுபடியும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். போனார். திரும்பி வரும்வரை காத்திருந்து, வனஸ்பதி என்ற டஞ்சனுக்கு இருவரும் சேர்ந்தே போனோம். எரிகிற அந்தக் காட்டுக்குள் தனியாகப் போக எனக்கும் மனம் வரவில்லை.

* * *

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். டார்க் நைட், டேங்க். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர்.

கதையில் வரும் கார்லமால்ட் என்ற பனிநாட்டில் ஓர் இடம் உண்டு. நம் உடலை எதிரி எடுத்துக்கொள்ள, நாம் பெயர் தெரியாத ஒரு சாதாரணச் சிப்பாயின் உடலில் விழித்தெழுகிறோம். பனி. இடிந்த நகரம். இத்தனை ஆண்டு சேர்த்த திறமைகள் ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று பொத்தான்கள்தான். நம் முகத்தோடு அந்த எதிரி நம் நண்பர்களிடம் போய்ச் சேரும் முன் நாம் போய்ச் சேர வேண்டும். எரிபொருள் தேடி, ஒளிந்து, கடைசியில் ஊர்ந்து. எந்தப் பேரரக்கனின் முன்னாலும் நான் அப்படிப் பயந்ததில்லை. ஏனென்றால் டேங்க் ஆடுகிறவள் நான். முன்னால் நிற்பதுதான் எனக்குத் தெரியும், ஒளிந்து பழக்கமில்லை.

ஒருவருக்கொருவர் கதையைச் சொல்லக் கூடாது என்று எங்கள் குழுவில் கட்டுப்பாடு வைத்திருந்தோம். அன்றிரவு ஒருவர் குழு அரட்டையில் ‘கடந்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதினார். கடந்தவர்கள் எல்லோருக்கும் எந்த இடம் என்று உடனே புரிந்தது. ஒவ்வொருவராகப் பனிக்குள் இருக்கும் அந்த முகாமுக்கு வந்து நெருப்பருகில் உட்கார்ந்தார்கள்.

நிலாப் பயணத்தைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே முயல்கள் வாழ்கின்றன. நாம் முயற்கறை என்று சொல்கிற அதே முயல்! கேரட் பிரியர்கள். என் தங்கை திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இறுதிப் போரில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். அதில் ஒருவரின் பின்கழுத்தில் பச்சை குத்திய அடையாளம் இருந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: 2010-இல் வெளியான முதல் வடிவம் தோல்வியடைந்து, 2012 நவம்பரில் அதன் சர்வர்களை மூடினார்கள், வானிலிருந்து பஹாமுட் இறங்கி அந்த உலகத்தையே அழிப்பதாகக் கதையில் வைத்தார்கள். அந்த நாட்களில் தொடர்ந்து சந்தா கட்டி ஆடியவர்களுக்கு மட்டும் தரப்பட்ட அடையாளம் அது. ஓர் உலகம் முடிவதை ஏற்கெனவே ஒருமுறை உள்ளே இருந்து பார்த்தவர், இப்போது இன்னொரு முடிவைத் தடுக்க என் பக்கத்தில் நிற்கிறார். அன்று எப்படி இருந்தது என்று கேட்டேன். ‘அன்று நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம், செய்ய ஒன்றுமில்லை. இன்று இருக்கிறது’ என்றார். நான் போரைத் தொடங்கினேன்.

* * *

இரண்டாவது பதிவை முயல்கள் வரை மட்டும் படித்தேன் அக்கா, மன்னியுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. கதையின் கடைசி நிலமான அல்டிமா தூலேயில் இருக்கிறேன். கதை நகர நகர அந்த நிலத்தின் இசையில் ஒவ்வொரு அடுக்காகச் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்காகவே மெதுவாகப் போகிறேன்.

முதல் பதிவு எழுதியவரிடம் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 2022 ஜனவரி 25-இல் விற்பனையை மீண்டும் திறந்தபோது வாங்கியவள் நான். முதலிலிருந்து தொடங்கி சோட் கோபுரத்துக்கு வந்து சேரவே பத்து மாதங்கள் ஆயின. உங்கள் முதல் வாரம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. அணியில் மற்ற மூவருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் கோபுரத்தின் சுவர்களில் மனிதர்கள் சிறைப்பட்டிருப்பதைப் பார்த்து நான் நின்றபோது, டேங்க்கும் நின்றார். அவர் அதை நூறு முறை பார்த்திருக்கலாம். உருண்டைகள் வந்தபோது எனக்கு யாரும் விடை சொல்லவில்லை. நான் தவறான இடத்தில் நின்று விழுந்தேன், ஹீலர் எழுப்பினார். மறுபடி விழுந்தேன், மறுபடி எழுப்பினார். மூன்றாவது முறை நானே சரியாக நின்றேன். மூவரும் கைதட்டினார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! அதனால் அந்த வாரத்தோடு எல்லாம் போய்விட்டது போல நீங்கள் எழுதியதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

இறுதிப் போருக்கு இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவேன். நானும் டோன்பெரிதான். இடம் இருக்குமா?

* * *

உங்கள் மறுப்பை இரண்டு முறை படித்தேன். பதினெட்டு நிமிடத்தில் ஒரு சொல்லும் பேசாமல் முடித்த அந்த அணியில் யாராவது புதியவர் இருந்தாரா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அறிவிப்பு வந்ததா என்பதைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை.

இடம் இருக்கிறது. வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு ராட்ஸ்-அட்-ஹானின் பெரிய ஈதரைட் (இடம்விட்டு இடம் போக உதவும் படிகம்) அருகில் நிற்பேன். மணிலாக்காரரும் வருகிறார், மகளைத் தூங்கவைத்துவிட்டு வர ஒன்பதரை ஆகும் என்கிறார். கோலாலம்பூர் நண்பர் டேங்க்காக வந்தால் நன்றாக இருக்கும். என்ன வரும், எங்கே நிற்க வேண்டும் என்று எங்களில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டோம். விழுந்தால் எழுப்புகிறேன்.